புரதம் திரளும் இரண்டு இடங்கள்

கண்புரை ஒரு புரத நோய் என்றால் மதுரைக்காரர்களே நம்பத் தயங்குவார்கள். வயதானால் கண்ணில் புரை விழும், அரவிந்த் ஆஸ்பத்திரிக்குப் போனால் எடுத்துவிட்டு லென்ஸ் வைப்பார்கள், பிறகு பேப்பர் படிக்கலாம், பஸ் நம்பர் தெரியும். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தில் ஆட்டோவில் மைக் கட்டிக் கண் முகாம் அறிவிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதற்குமேல் தெரிந்துகொள்ளத் தேவையும் இருந்ததில்லை. அல்சைமர், பார்க்கின்சன் போன்ற பெயர்களோ வேறு ஏதோ உலகத்து நோய்களாகக் காதில் விழுகின்றன. மூலக்கூறு அளவுக்கு இறங்கிப் பார்த்தால் இவை எல்லாம் பங்காளிகள். நீரில் கரைந்து கிடக்க வேண்டிய ஒரு புரதம் தன் மடிப்பு குலைந்து, தன் இனத்தோடேயே ஒட்டித் திரள்கிறது. கண்வில்லையில் நடந்தால் அது புரை. மூளையில் நடந்தால் மறதி, நடுக்கம், தள்ளாட்டம்.

இந்த உறவை ஆராய்ச்சியாளர்கள் நெடுநாளாகவே அறிவார்கள். எனக்கு அந்த ஒற்றுமையைவிட ஒரு வேற்றுமைதான் முக்கியமாகப் படுகிறது. கண்ணில் திரள்தான் நோய். அதை எடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது. மூளையில் காணப்படும் திரள் நோய்க்குக் காரணமா, நோய் விட்டுப்போன குப்பையா என்ற வழக்கு நூறாண்டு கடந்தும் முடியவில்லை.

முதலில் மடிப்பு. அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சங்கிலிதான் புரதம். செல்லுக்குள் உருவானதும் அது சுருண்டு மடிந்து தனக்கென ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீருடன் ஒட்டாத பகுதிகள் உள்ளே ஒளிந்துகொள்ளும், நீரை விரும்பும் பகுதிகள் வெளியே நிற்கும். சங்கிலி இஷ்டத்துக்கு மடங்கிவிடவும் முடியாது. சில கோணங்களில் திரும்பினால் அணுக்கள் ஒன்றையொன்று முட்டும். எந்தக் கோணங்கள் ஆகும், எவை ஆகா என்பதைக் கணக்கிட்டு ஒரே சதுரத்தில் வரைந்து காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட அந்தப் படத்தை உலகம் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்றே அழைக்கிறது. இன்றைக்கும் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்ததாக யார் சொன்னாலும், முதலில் இந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

வரைபடத்தின் மேல் இடது மூலையில் ‘பீட்டா’ பகுதி என்று ஒன்று இருக்கிறது. சங்கிலி நீண்டு தட்டையாக விரியும் இடம் அது. பட்டு நூலின் புரதம் அங்கே இருக்கிறது. அல்சைமர் நோயாளியின் மூளையில் படியும் அமைலாய்டு இழைகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆக, இயற்பியல் கணக்கில் நோய்த்திரள் எந்த விதியையும் மீறவில்லை. அனுமதிக்கப்பட்ட இன்னொரு மடிப்பு, அவ்வளவே. இதைக் கவனிக்காமல் ‘தவறாக மடிந்த புரதம்’ என்று எழுதும்போது, புரதம் ஏதோ குற்றம் செய்ததுபோல் ஒலிக்கிறது. பல புரதங்களுக்கு நெருக்கமாக அடுக்கப்பட்ட இழை வடிவமே, உடம்பில் உழைக்கும் வடிவத்தைவிட உறுதியானது. வாழும் வடிவம்தான் சிரமப்பட்டுக் காப்பாற்றப்படுவது. அந்த வரைபடத்தைத் தந்த ராமச்சந்திரனையே முதுமையில் பார்க்கின்சன் நோய் பிடித்தது. 2001 ஏப்ரலில் அவர் சென்னையில் காலமானார்.

மடிப்பு குலைந்து திரளுவதைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் வேண்டாம், முட்டை போதும். நிறமற்றுத் தெளிவாக இருக்கும் வெள்ளைக்கரு சூடேறியதும் வெளுத்துக் கெட்டியாகிறது. வெப்பத்தில் மடிப்பு அவிழ்ந்து, உள்ளே ஒளிந்திருந்த ஒட்டும் பகுதிகள் வெளிப்பட்டு, புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஆறவைத்தாலும் திரும்பிப் பழைய நிலைக்கு வராது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்ட்பரி 1935இல் வெந்த வெள்ளைக்கருவை இழுத்து நீட்டி எக்ஸ்ரே கதிரைச் செலுத்திப் பார்த்தார். சங்கிலிகள் இழையின் நீளத்துக்குக் குறுக்கே, ஏணிப்படிபோல் அடுக்கியிருப்பது தெரிந்தது. அதே அடுக்குதான் அமைலாய்டுக்கும் என்பது 1968இல் தெரியவந்தது.

இனிக் கண்ணுக்கு வருவோம். கண்வில்லை உடலில் வேறெங்கும் இல்லாத ஒரு விசித்திரம். ஒளி தடையின்றிக் கடக்க வேண்டும் என்பதற்காக, அதன் இழைச் செல்கள் முதிரும்போது உட்கருவையும் மற்ற நுண்ணுறுப்புகளையும் தாங்களே அழித்துக்கொள்கின்றன. ரத்தக்குழாய் கிடையாது. உட்கரு போனபின் புதுப் புரதம் செய்ய முடியாது, பழையதை மாற்றவும் முடியாது. ஆகையால் வில்லையின் நடுப்பகுதியில் இருக்கும் புரதங்கள், நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது உண்டானவை. எண்பது வயதுப் பாட்டியின் கண் நடுவில் இருக்கும் புரதத்துக்கும் எண்பது வயது, இன்னும் சில மாதங்கள் கூடுதலாகவே.

வில்லையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் புரதம். இவ்வளவு அடர்த்தியான கரைசல் பால்போல் வெளுத்திருக்க வேண்டாமா? இல்லை. கிரிஸ்டலின் எனப்படும் இந்தப் புரதங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி, சீரான இடைவெளியில் நிற்பதால் ஒளி சிதறாமல் கடந்துவிடுகிறது. ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று வகை. இவற்றில் ஆல்ஃபா கிரிஸ்டலின் வெறும் நிரப்புப் பொருள் அல்ல என்பதை 1992இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜோசப் ஹார்விட்ஸ் நிரூபித்தார். மடிப்பு குலையத் தொடங்கும் மற்றப் புரதங்களைப் பிடித்துத் தன்னோடு வைத்துக்கொண்டு, அவை திரளாமல் காக்கும் துணைப்புரதம் அது. வேலை கச்சிதம், ஆனால் இருப்பு கணக்குக்கு உட்பட்டது. பிடித்ததை விடுவதும் இல்லை, புதிதாக வருவதும் இல்லை. நாற்பது வயதை ஒட்டி, வில்லையின் நடுவில் தனித்து நிற்கும் ஆல்ஃபா கிரிஸ்டலின் ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. அதன்பின் வெயிலின் புற ஊதாக் கதிர், சர்க்கரை நோயில் புரதத்தின்மீது ஒட்டும் குளுக்கோஸ், புகைப்பழக்கம், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த ஆக்சிஜன் அரிப்பு என எல்லாம் நேரடியாக விழுகின்றன. புரதங்கள் திரள்கின்றன, பழுப்பேறுகின்றன. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்குத் திரள் வளர்ந்ததும் சிதறல் தொடங்கி, எதிரே வருபவரின் முகம் கலங்குகிறது.

நம் பக்கத்தில் இது எத்தனை பேருக்கு? தமிழகத்தின் மூன்று தென்மாவட்டங்களில் கிராமம் கிராமமாக நடந்து 2003இல் வெளியான அரவிந்த் விரிவான கண் ஆய்வு, 40 வயதைத் தொட்டவர்களும் கடந்தவர்களுமாக 5,150 பேரைப் பரிசோதித்தது. ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் புரை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்குப் பின்னால் அவரது பிடிவாதம் பாதி, இந்தப் புரதத் திரட்சி பாதி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன அவர் அந்தக் கையாலேயே ஆயிரமாயிரம் கண்களைத் திறந்தார் என்பது இந்த ஊரில் பாட்டிகளும் சொல்லும் கதை.

முகாம்களில் இன்றும் ஒரு உரையாடல் கேட்கும். “ஆப்பரேஷன் பண்ணிக்கலாம்மா” என்றால், “இன்னும் முத்தலைன்னாங்களே தம்பி, முத்தட்டும்” என்று பதில் வரும். இதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. வில்லையை முழுதாக உறையோடு எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தனுப்பிய காலத்தில் டாக்டர்களே சொன்ன அறிவுரை அது. இருக்கிற கொஞ்சம் பார்வையும் அந்தக் கண்ணாடியைவிட மேலாக இருக்கும்வரை பொறுப்பதே நியாயம். 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதல் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் வைத்தார். போர்விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூரையின் பிளாஸ்டிக் துகள்களைக் கண் வெறுக்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்த மனிதர் அவர். அந்த வில்லை நம் ஊர் ஏழைக்கு எட்டும் விலைக்கு வந்தது 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கிய பிறகுதான். இப்போது முத்தும்வரை காத்திருப்பதில் லாபம் ஒன்றுமில்லை. கல்லாக இறுகிய புரையை எடுப்பதுதான் கடினம்.

வெட்டி எடுப்பதற்குப் பதில், திரளாமலே தடுத்தால் என்ன? அதையும் முயன்று பார்த்தாயிற்று. அரவிந்த் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவின் பிராக்டர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, தென்னிந்தியக் கிராமங்களில் 35 முதல் 50 வயதுக்குள் இருந்த 798 பேரிடம் ஐந்தாண்டு சோதனை நடத்தின. பாதிப்பேருக்கு வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின். மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரை. 2006இல் முடிவு வெளியானது: இரு தரப்பிலும் புரை ஒரே வேகத்தில் வளர்ந்திருந்தது. கேரட் தின்றால் கண்புரை வராது என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறவர்களுக்கு இந்த ஆய்வை யாரும் திருப்பி அனுப்புவதில்லை என்பது என் குறை. வயல்வெளியில் உழைத்தவர்கள் மாத்திரையை ஐந்தாண்டு விழுங்கித் தந்த விடை அது. 2015இல் லானோஸ்டெரால் என்ற பொருள் நாய்களின் புரையைத் தெளியவைத்ததாகச் செய்தி வந்தபோது உலகமே பரபரப்பானது. அதே ஆண்டு பெங்களூரில் அறுவையில் எடுத்த மனிதப் புரைகளை அந்தக் கரைசலில் ஆறு நாள் ஊறவைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கரையவில்லை. வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்கும் வேலை அவ்வளவு எளிதல்ல.

இவ்வளவும் தெரிந்துகொண்டு மூளைக்குள் போனால், பழகிய முகங்கள் சில எதிர்ப்படும். கண்ணில் காவல் காக்கும் ஆல்ஃபா கிரிஸ்டலினின் ஒரு வடிவம், ஆல்ஃபா-பி, மூளையிலும் உண்டு. அலெக்சாண்டர் நோய் என்னும் அரிய குழந்தை நோயில், நரம்புகளுக்குத் துணைநிற்கும் செல்களில் சேரும் கட்டிகளுக்குள் அது குவிந்துகிடப்பதை 1989இல் கண்டார்கள். நியூரான் எனப்படும் நரம்புச் செல்லுக்கும் வில்லைச் செல்லுக்கும் இன்னொரு பொதுக்குணம்: இரண்டுமே பிறந்ததிலிருந்து மாற்று இல்லாமல் உழைப்பவை. ஆனால் நியூரானுக்கு உட்கரு இருக்கிறது. பழுதான புரதத்தை அரைத்துத் தள்ளும் இயந்திரங்களும் இருக்கின்றன. அப்படியிருந்தும் வயதாக ஆக அந்தத் துப்புரவு பின்தங்குகிறது.

1906 நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண்மணியின் மூளையைப் பற்றி உரையாற்றினார். செல்களுக்கு வெளியே படிவங்கள், உள்ளே சிக்குண்ட இழைகள். படிவத்தின் புரதம் அமைலாய்டு பீட்டா என்று 1984இல் தெரிந்தது. சிக்கலின் புரதம் டௌ. பார்க்கின்சன் நோயில் ஃபிரெட்ரிக் லூயி 1912இல் விவரித்த உருண்டைகளுக்குள் இருப்பது ஆல்ஃபா சைனுக்ளின் என 1997இல் நிரூபணமானது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு புரதம், ஒவ்வொரு புரதத்துக்கும் மூளையில் ஒரு வட்டாரம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. எல்லாம் அல்சைமர் அல்ல. ரத்தக்குழாய் அடைப்பால் வருவதும் கணிசம்.

கண்ணில் இல்லாத ஒரு குணம் மூளைத் திரளுக்கு உண்டு: பரவும். பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கருவிலிருந்து எடுத்த இளம் நியூரான்களை மூளையில் பதித்துப் பார்த்தார்கள். பத்தாண்டுக்கும் மேல் கழித்து அவர்கள் இறந்தபின் ஆராய்ந்தபோது, பதித்த இளம் செல்களுக்குள்ளும் அதே உருண்டைகள். 2008இல் வந்த இந்தச் செய்தி பலரின் தூக்கத்தைக் கெடுத்தது. குலைந்த ஒரு புரதம் பக்கத்துச் செல்லின் நல்ல புரதத்தையும் தன் வடிவத்துக்கு இழுக்கிறது என்பதற்கு அது வலுவான சாட்சி. பிரியான் என்ற பெயரில் ஸ்டான்லி புருசினர் 1982இல் சொல்லி, 1997இல் நோபல் பெற்ற கருத்தின் மெதுவான வடிவம். ஆனால் பார்க்கின்சன் மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றும் என்று பயப்பட வேண்டாம். தாத்தாவின் டம்ளரைத் தனியாக வைக்கத் தேவையில்லை.

சரி, திரள்தான் நரம்பைக் கொல்கிறதா? தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு நோய் இதில் நல்ல பாடம் சொல்கிறது. தள்ளாட்ட நோய்களில் ஒரு பரம்பரை வகை எஸ்.சி.ஏ.1. அட்டாக்சின்-1 என்னும் புரதத்தில் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வந்து, புரதம் செல்லின் உட்கருவுக்குள் திரள்கிறது. நடை தடுமாறும், பேச்சு குழறும். தமிழகத்தில் ஒரு சமூகத்தினரிடையே இது மிக அதிகமாக இருப்பதை 2005இல் நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதற்கு ஏழாண்டு முன்பே, அமெரிக்காவில் ஒரு தந்திரமான சோதனை நடந்திருந்தது. நோய்தரும் அட்டாக்சினிலிருந்து, ஒன்றோடொன்று ஒட்டுவதற்கான பகுதியை மட்டும் வெட்டிவிட்டு எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளின் செல்களில் கண்ணுக்குத் தெரியும் திரளே உண்டாகவில்லை. எலிகளோ தள்ளாடின.

திரள் இல்லை, நோய் உண்டு. மறுபக்கமும் இருக்கிறது: மூளை நிறைய அமைலாய்டு படிவங்களோடு, கடைசிவரை தெளிவாகப் பேசி வாழ்ந்து மறைந்தவர்கள் எத்தனையோ பேர். அதனால்தான் இன்று பலர் பெரிய திரளைவிட, அது உருவாகும் வழியில் பத்திருபது மூலக்கூறுகள் சேர்ந்த சிறு கூட்டங்களையே சந்தேகிக்கிறார்கள். செல்லின் சவ்வில் பதிந்து, நரம்பு முனைகளின் இணைப்பைக் குலைப்பவை அவை. பெரிய திரள், அந்த விஷமிகளைப் பிடித்துப் பூட்டிவைத்த கிடங்காகக்கூட இருக்கலாம். கண்ணில் இந்தச் சிறு கூட்டம் ஒரு பொருட்டே அல்ல, ஒளியைச் சிதறவிடும் அளவு அதற்கில்லை. ஒரே வேதியியல், ஆனால் ஒரு இடத்தில் பெரியது குற்றவாளி, இன்னொரு இடத்தில் சந்தேகம் சிறியதன்மேல்.

மருந்துகளின் கதையை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அமைலாய்டைப் பிடித்து அகற்றும் லெக்கனமாப் என்ற ஆன்டிபாடிக்கு அமெரிக்கா 2023இல் முழு அனுமதி தந்தது. 18 மாதச் சோதனையில் மூளையின் படிவங்கள் பெருமளவு குறைந்தன. நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி வித்தியாசம். சிலருக்கு மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் சேர்ந்து வந்தன. படிவம் ஒன்றுமறியாதது என்றால் இந்தச் சிறு பலனும் கிடைத்திருக்காது. அதுவே முழுக்குற்றவாளி என்றால் பலன் இவ்வளவு சிறிதாகவும் இருந்திருக்காது. கண்புரை அறுவைபோல் ‘எடுத்தோம், தெளிந்தது’ என்ற எதிர்பார்ப்பை மூளையின்மேல் சுமத்தியதுதான் முப்பதாண்டு ஏமாற்றத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

பார்க்கின்சனுக்கு இன்றுவரை கைகொடுப்பது திரளைத் தொடாத மருந்துதான். நியூரான்கள் சாவதால் டோப்பமின் என்ற வேதிப்பொருள் குறைகிறது. மூளைக்குள் போய் டோப்பமினாக மாறும் எல்-டோப்பாவைக் கொடுத்தால் நடுக்கமும் இறுக்கமும் தணிகின்றன. அந்த எல்-டோப்பாவை வேலிகளில் படரும் பூனைக்காலி விதையிலிருந்து 1937இல் பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். பார்க்கின்சனுக்கு அது மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது, அது 1960களில்தான் தெளிந்தது. சுனை பட்டால் உயிர் போகிற அரிப்பு என்று நாம் ஒதுங்கிப்போகும் அதே கொடி. அதற்காக விதையை வறுத்துப் பொடித்து அளவில்லாமல் கொடுப்பது ஆபத்து. விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும், வாந்தியும் மனக்குழப்பமும் வரும்.

கண்ணையும் மூளையையும் நேராக இணைக்க முயன்ற ஆய்வுகளும் உண்டு. அல்சைமர் நோயாளிகளின் கண்வில்லையிலேயே அமைலாய்டு பீட்டா இருப்பதாக 2003இல் ஒரு குழு அறிவித்தது. கண்ணைப் பார்த்தே மறதிநோயை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்ற ஆசை கிளம்பியது. பின்னால் தேடிய வேறு குழுக்களுக்கு அது அகப்படவில்லை. இன்னொரு இணைப்போ எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. சியாட்டில் நகரில் 3,000க்கும் மேற்பட்ட முதியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு, செய்துகொள்ளாதவர்களைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு என்று 2021 இறுதியில் தெரிவித்தார்கள். அறுவைக்குப் போகிறவர்கள் முன்பே ஆரோக்கியமானவர்கள் என்பதால் வந்த மாயமா? அதைச் சோதிக்கப் பார்வையைத் திருப்பித் தராத கண் அழுத்த நோய் அறுவையையும் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள்; அதில் இந்தப் பலன் இல்லை. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழுவும், கவனிக்காமல் விட்ட பார்வைக்குறைவை மறதிநோயின் தவிர்க்கக்கூடிய காரணிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

காரணம் எளிதாக இருக்கலாம்: தெளிவாகத் தெரிந்தால் மனிதர் வெளியே போகிறார், முகம் பார்த்துப் பேசுகிறார், மூளைக்கு வேலை இருக்கிறது. இன்னொரு விளக்கமும் சொல்கிறார்கள். பழுப்பேறிய வில்லை நீல ஒளியை வடிகட்டிவிடும். விழித்திரையில் பகல் எது, இரவு எது என்று மூளைக்குச் சொல்லும் சில செல்கள் அந்த நீல ஒளியை நம்பித்தான் இருக்கின்றன. அது குறைந்தால் உறக்கத்தின் ஒழுங்கு கெடும். மூளை தன் அமைலாய்டைக் கழுவி வெளியேற்றும் வேலை ஆழ்ந்த உறக்கத்தில் நன்றாக நடக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால், மறதி லேசாகத் தொடங்கிவிட்ட அப்பத்தாவுக்கு இனி எதற்குக் கண் ஆப்பரேஷன் என்று குடும்பம் தள்ளிப்போடுவதுதான் தப்பான கணக்கு. மயக்க ஊசி கண்ணைச் சுற்றி மட்டும்தான், வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன்பின் சில வாரங்களுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட, கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ள, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.